எண்களின் பங்கீடு: உபவலையமைப்புப் பயிற்சிக் கணக்குகளின் வரலாற்றுப் பின்னணி

1. தோற்றுவாய்

கணினி வலையமைப்புப் பற்றி எழுந்த பாடநூல்களுள் எதனை எடுத்து நோக்கினும், அதில் ஓர் அத்தியாயமேனும் உபவலையமைப்பாக்கற் கணக்குகளுக்கென ஒதுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். ஒரு நிறுவனத்துக்கு ஒரு முகவரித் தொகுதி வழங்கப்பட்டுள்ளது. அந்நிறுவனத்தில் இத்தனை பிரிவுகள் உள. ஒவ்வொரு பிரிவிலும் இத்தனை கணினிகள் உள. தொகுதியை எவ்வாறு பிரித்தல் வேண்டும்? இதுவே அக்கணக்குகளின் பொது வடிவமாகும். எமது க.பொ.த. உயர்தர வகுப்பின் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்தில் இது இடம்பெற்றுள்ளது. பல்கலைக்கழகத்துப் பொறியியல், கணினி விஞ்ஞான மாணவரும் இதனைப் பயில்கின்றனர். தொழில்நிலைச் சான்றிதழ்ப் பரீட்சைகளிலும் இது தவறாது வினவப்படுகிறது.

இக்கணக்குகளைச் செய்து பழகும் மாணவர் பெரும்பாலும் இவற்றைக் காலங்கடந்த எண்கணித உண்மைகளாகவே கருதுகின்றனர். தரப்பட்ட தொகை ஏன் அத்தனை சிறியது, பிரிக்கும் விதி ஏன் அவ்வாறு அமைந்தது, ஒரே வினாவுக்கு இரு நூல்கள் ஏன் இரு விடைகளைத் தருகின்றன என்னும் ஐயங்கள் வகுப்பறையில் எழுவதும் அரிது. எழுந்தாலும் அவை பரீட்சைக்குப் புறம்பானவை என ஒதுக்கப்படுகின்றன. ஆயின், இக்கணக்குகளின் ஒவ்வொரு விதியும் குறிப்பிட்டதொரு காலத்தில், குறிப்பிட்ட நிறுவனங்களால், குறிப்பிட்ட தேவை கருதி எடுக்கப்பட்ட ஒரு தீர்மானத்தின் படிவாகும். அப்படிவுகளை அடுக்கடுக்காகப் பிரித்து நோக்குவதும், அதனூடாக இக்கணக்குகளைப் பயில வேண்டிய முறை பற்றிச் சில கருத்துக்களை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கணக்கின் அமைப்பு

வரலாற்றினுட் புகுமுன் கணக்கின் அமைப்பைச் சுருக்கமாகத் தெளிவுபடுத்துதல் அவசியம். இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் முகவரியொன்று 32 பிற்றுக்களைக் கொண்டது. வாசிப்பு வசதி கருதி அது எட்டெட்டுப் பிற்றுக்களாகப் பிரிக்கப்பட்டு, 0 முதல் 255 வரையான நான்கு தசம எண்களாகப் புள்ளியிட்டு எழுதப்படுகிறது. முகவரியின் முற்பகுதி வலையமைப்பையும் பிற்பகுதி அவ்வலையமைப்பினுள் அமைந்த கருவியையும் சுட்டும். இவ்விரு பகுதிகளுக்குமிடையே எல்லை எங்கு விழுகிறது என்பதைக் காட்டுவதே மறைமுகம் என்பதாகும். தொழில்சார்ந்தோர் வாய்மொழியில் இது 'மாஸ்க்' எனப்படும். வலையமைப்புக்குரிய இடங்களில் 1உம் கருவிக்குரிய இடங்களில் 0உம் இட்டு எழுதப்படும் துவித எண்ணே அது. 255.255.255.0 என்னும் மறைமுகம் முதல் 24 பிற்றுக்கள் வலையமைப்புக்குரியவை எனக் கூறுகிறது. இதனைச் சாய்கோடிட்டு /24 எனச் சுருக்கி எழுதுவர்.

எல்லையை ஒரு பிற்று வலப்புறமாக நகர்த்தினால் தொகுதி இரண்டாகப் பிளவுறும். /24 என்பது 256 முகவரிகள். /25 அதன் அரை, 128. /26 கால், 64. /27 அரைக்கால், 32. /28 வீசம், 16. /29 அரைவீசம், 8. எமது திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி கற்ற முன்னோர் அரை, கால், அரைக்கால், வீசம் என அடுத்தடுத்துப் பாதியாக்கிச் சென்ற அதே ஒழுங்கே இங்கும் தொழிற்படுகிறது. துவித எண் புதுமையானதாகத் தோன்றினும், பாதியாக்கிப் பங்கிடும் சிந்தனை எமக்குப் புதிதன்று.

ஓர் எடுத்துக்காட்டு: 172.16.77.200 என்னும் முகவரி /20 என்னும் எல்லையுடன் தரப்பட்டுள்ளது. அது எவ்வலையமைப்பைச் சார்ந்தது? முதல் 16 பிற்றுக்கள் 172.16 என்பவற்றில் அடங்கிவிடுகின்றன. மூன்றாம் எண்ணில் நான்கு பிற்றுக்கள் எஞ்சுகின்றன. 77 என்பதன் துவித வடிவம் 01001101. இதன் முதல் நான்கு பிற்றுக்களான 0100ஐ வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பூச்சியமாக்கினால் 64 கிடைக்கும். எனவே வலையமைப்பு 172.16.64.0, அதன் இறுதி முகவரி 172.16.79.255. மொத்தம் 4,096 முகவரிகள். முதலாவது வலையமைப்பின் பெயராகவும் இறுதியானது அனைவருக்குமான பரப்பல் முகவரியாகவும் கொள்ளப்படுதலால் கருவிகளுக்கு எஞ்சுபவை 4,094. இரண்டைக் கழிக்கும் இவ்விதியைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

3. முதற் பங்கீடு: 1974 முதல் 1981 வரை

வின்ரன் சேர்ப், றொபேட் கான் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலே வலையமைப்புகளைச் சுட்டுவதற்கு எட்டுப் பிற்றுக்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எட்டுப் பிற்றுக்கள் 256 வலையமைப்புகளைத் தரும். கண்ணுக்கெட்டிய காலம்வரை அது போதுமென்றே அன்று கருதப்பட்டது. இன்று இக்கணிப்பு நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத்துக் கணினி ஓர் அறையை நிரப்பும் பெருஞ் சாதனமாகவும், அதனைத் தம்வசம் வைத்திருந்தோர் அரசுகளும் பெரு நிறுவனங்களும் முன்னணிப் பல்கலைக்கழகங்களுமாகவும் இருந்தமை மனங்கொளத்தக்கது. ஒரு நாட்டுக்குச் சில வலையமைப்புகள் என்னும் எண்ணமே அங்கு அடியோட்டமாக இருந்தது. தனிமனிதன் ஒருவன் தன் சட்டைப்பையில் கணினியைக் கொண்டு செல்வான் என்னும் எதிர்பார்ப்பு அச்சமூகச் சூழலில் எழ நியாயமில்லை.

உள்ளக வலையமைப்புகள் பல்கத் தொடங்கியபோது எட்டுப் பிற்று எல்லை விரைவில் நெருக்கடிக்குள்ளாயிற்று. 1981ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் வெளியான 791ஆம் இலக்க ஆவணம் முகவரிகளை ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. ஏ வகுப்பு வலையமைப்பொன்று 16,777,216 முகவரிகளையும், பி வகுப்பு 65,536 முகவரிகளையும், சி வகுப்பு 256 முகவரிகளையும் கொண்டிருந்தன. முகவரியின் முதற் பிற்றுக்களைக் கண்ட அளவிலேயே அதன் வகுப்பு யாதென வழிப்படுத்தி அறிந்துகொள்ளும்; மறைமுகம் எதுவும் அன்று வேண்டப்படவில்லை. நினைவகம் அரிதும் விலையுயர்ந்ததுமாயிருந்த காலத்தில் இது சிக்கனமானதொரு தீர்வு என்பதை மறுத்தல் இயலாது.

ஆயின் அப்பங்கீட்டின் விகிதத்தைச் சற்று நோக்குதல் வேண்டும். மொத்த எண்வெளி 4,294,967,296 முகவரிகளைக் கொண்டது. அதில் அரைப்பங்கு ஏ வகுப்புக்கு. அதாவது 128 வலையமைப்புகளுக்கு மாத்திரம். காற்பங்கு பி வகுப்பின் 16,384 வலையமைப்புகளுக்கு. அரைக்காற் பங்கு சி வகுப்பின் 2,097,152 வலையமைப்புகளுக்கு. எஞ்சிய அரைக்கால் பிற்காலத்தில் இரு வீசங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒன்று பல்பரப்பலுக்கும் மற்றையது எதிர்காலத் தேவைக்குமென ஒதுக்கப்பட்டது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட சிறியோர் அரைக்காலையும் நூற்றிருபத்தெட்டுப் பெரியோர் அரையையும் பெறும் இவ்வமைப்பு கணித வசதி கருதி எழுந்ததேயன்றிச் சூழ்ச்சியால் எழுந்ததன்று. ஆனால் கணித வசதி கருதி எழுந்த அமைப்பும் சமூக விளைவுகளைத் தோற்றுவிக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

4. பல்கலைக்கழக வளாகங்களின் தேவை: 1984, 1985

உபவலையமைப்பு என்னும் கருத்து நிறுவன மேலிடத்தில் உதித்துக் கீழே இறங்கியதன்று. வளாகங்களின் அன்றாட நடைமுறையிலிருந்து மேலெழுந்தது. இதுவே இவ்வரலாற்றில் மிகவும் சுவையான பகுதியாகும்.

1980களின் தொடக்கத்தில் ஈதர்நெற் முதலிய உள்ளக வலையமைப்புகள் பல்கலைக்கழகங்களில் பெருகின. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி வலையமைப்பு இலக்கம் கோரப்பட்டால் இணையத்தின் எல்லா வழிப்படுத்திகளும் அவ்வளாகத்தின் உள்ளமைப்பு முழுவதையும் நினைவில் வைத்திருக்க நேரும். இச்சிக்கலை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே எதிர்கொண்டது. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் வகுப்பு முறை தோன்றுவதற்கு முன்னரே பல உள்ளக இணைப்புகளைக் கொண்டிருந்தது. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒவ்வோர் இலக்கம் பெற்றிருப்பின் அன்றைய எண்வெளியில் கணிசமான பகுதியை அது ஒன்றே விழுங்கியிருக்கும். எனவே தனக்குரிய ஒரேயோர் இலக்கத்தை வைத்துக்கொண்டு, எஞ்சிய 24 பிற்றுக்களை எட்டெட்டாகப் பிரித்து, முதலெட்டை உபவலையமைப்புக்கும் இறுதியெட்டைக் கருவிக்கும் ஒதுக்கி, நடுவெட்டைப் பூச்சியமாக விட்டது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 'பப்' என்னும் முந்திய நெறிமுறை வழக்கிலிருந்தது; அதன் எட்டுப் பிற்று இலக்கங்களையே உபவலையமைப்பு இலக்கங்களாக அங்கு ஏற்றுக்கொண்டனர். கார்னகி மெலன் பல்கலைக்கழகமோ உபவலையமைப்புக்கெனப் பிற்று எதனையும் ஒதுக்காது, இணைப்புக் கருவிகளின் துணையால் அனைத்தையும் ஒரே வலையமைப்பாகத் தோற்றச் செய்தது.

இவ்வாறு சிதறிக் கிடந்த நடைமுறைகளை ஒழுங்குபடுத்தும் முயற்சியாக, ஸ்ரான்போர்டைச் சேர்ந்த ஜெவ்ரி மோகல் 1984ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் 917ஆம் இலக்க ஆவணத்தை வெளியிட்டார். விவாதங்களின் பின்னர், மோகலும் ஜொன் பொஸ்ரலும் இணைந்து எழுதிய 950ஆம் இலக்க ஆவணம் 1985ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நியமமாக வெளியாயிற்று. வெளியுலகுக்கு ஒரே வலையமைப்பு, உள்ளே பல உபவலையமைப்புகள், அவற்றின் எல்லையைக் காட்ட மறைமுகம் என்னும் இன்றைய அமைப்பு இவ்வாறே நிலைபெற்றது. மறைமுகத்தின் 1கள் தொடர்ச்சியாக அமையவேண்டும் என்பது அன்று பரிந்துரையாக மாத்திரம் இருந்தது. இடையிடையே சிதறிய பிற்றுக்களும் அனுமதிக்கப்பட்டன. இன்றைய மாணவர் இயல்பான விதியெனக் கொள்ளும் தொடர்ச்சி, நடைமுறை அனுபவத்தால் பின்னர் இறுகிய ஒன்றாகும்.

5. ஒரு வினா, இரு விடைகள்

பின்வரும் கணக்கை நோக்குவோம். 203.0.113.0 என்னும் சி வகுப்பு வலையமைப்பு நான்கு பிரிவுகளுக்குச் சமமாகப் பகிரப்படல் வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் 50 கணினிகள் உள. தகுந்த மறைமுகம் யாது?

இன்றைய மாணவர் தயங்காது விடை கூறுவர்: நான்கு பிரிவுகளுக்கு இரண்டு பிற்றுக்கள் போதும், மறைமுகம் 255.255.255.192, ஒவ்வொரு பிரிவுக்கும் 62 கருவி முகவரிகள். ஆனால் 1985ஆம் ஆண்டு ஆவணத்தின்படி இவ்விடை தவறானது. அவ்வாவணம் உபவலையமைப்புப் பகுதி முழுவதும் பூச்சியமாகவோ முழுவதும் ஒன்றாகவோ அமைவதைத் தவிர்க்கும்படி கூறிற்று. இரண்டு பிற்றுக்களால் கிடைக்கும் நான்கில் இரண்டு கழிந்துபோக, எஞ்சுவன இரண்டே. நான்கு பிரிவுகளுக்கு மூன்று பிற்றுக்கள் தேவை. அப்போது பிரிவொன்றுக்கு 30 கருவிகளுக்கே இடமுண்டு. ஆகவே 50 கணினிகள் கொண்ட நான்கு பிரிவுகளை அத்தொகுதியில் அமைத்தல் இயலாது என்பதே அன்றைய சரியான விடை.

இவ்விலக்கு ஏன் ஏற்பட்டது? உபவலையமைப்புப் பகுதி பூச்சியமாயின் அதன் பெயரும் முழு வலையமைப்பின் பெயரும் ஒன்றாகும். பகுதி முழுவதும் ஒன்றாயின் அதன் பரப்பல் முகவரியும் முழு வலையமைப்பின் பரப்பல் முகவரியும் ஒன்றாகும். 1988ஆம் ஆண்டு ஆவணமாக வெளிவந்த 'ரிப்' நெறிமுறை வழித் தகவலோடு மறைமுகத்தை அனுப்புவதில்லை. ஆதலால் இம்மயக்கத்தைத் தீர்க்க வழியிருக்கவில்லை. மறைமுகத்தையும் உடன் அனுப்பும் நெறிமுறைகள் பரவிய பின்னர் இலக்குக்கான காரணம் அற்றுப்போயிற்று. 1995ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்து 1878ஆம் இலக்க ஆவணம் இவ்வழக்கம் காலாவதியானது எனக் கூறிற்று. சிஸ்கோ நிறுவன வழிப்படுத்திகளில் பூச்சிய உபவலையமைப்பு மென்பொருளின் 12.0ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே அனுமதிக்கப்பட்டது.

காரணம் அற்றுப்போன பின்னரும் விதி நூல்களில் உயிர்வாழ்ந்தது. பழைய பயிற்சி நூல்களில் இரண்டைக் கழித்தும் புதியவற்றிற் கழியாதும் விடைகள் தரப்பட்டன. சூத்திரத்தை மனனஞ் செய்த மாணவர் எந்த நூலை நம்புவதெனத் திகைத்தனர். காரணத்தை அறிந்த மாணவருக்கோ திகைப்பு இருக்கவில்லை. கருவி முகவரிகளில் இரண்டைக் கழிக்கும் மற்றைய விதியும் முழுமையானதன்று. இரு முனைகளை மாத்திரம் இணைக்கும் வழியில் பரப்பல் முகவரி வேண்டியதில்லை என்பதால், /31 என்னும் இரண்டு முகவரிகளையும் கருவிகளுக்கே வழங்க 2000ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்து 3021ஆம் இலக்க ஆவணம் வழிசெய்தது.

6. வகுப்பு முறையின் வீழ்ச்சி

900 கணினிகள் கொண்ட ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சி வகுப்பின் 254 அதற்குப் போதாது; எனவே பி வகுப்பைக் கோரும். 65,534 முகவரிகளில் 900ஐப் பயன்படுத்தும்போது பயன்பாடு நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. ஏனையவை எவர்க்கும் பயன்படாது முடங்கிக் கிடக்கும். பி வகுப்பில் இருந்தவையோ 16,384 வலையமைப்புகள் மாத்திரமே. 1990களின் தொடக்கத்தில் இத்தொகை விரைவில் முடிவுறும் என்பது தெளிவாயிற்று. மாற்றாகப் பல சி வகுப்பு இலக்கங்களை வழங்கினால், வழிப்படுத்திகளின் அட்டவணைகள் தாங்கவொண்ணா அளவுக்குப் பெருகும். ஒருபுறம் பற்றாக்குறை, மறுபுறம் பெருக்கம் என்னும் இம்முரண்பாடே வகுப்பு முறையை வீழ்த்திற்று.

1993ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 1519ஆம் இலக்க ஆவணமாக வெளிவந்த வகுப்பற்ற முறை, சைடர் என்னும் சுருக்கப் பெயரால் வழங்குவது, எல்லையை எப்பிற்றிலும் இடலாம் என வகுத்தது. மேற்கூறிய நிறுவனத்துக்கு இப்போது /22 ஒன்று போதுமானது. 1,022 கருவிகளுக்கு இடமுண்டு. நான்கு சி வகுப்புத் தொகுதிகளை ஒன்றிணைத்து ஒரே பதிவாக அறிவிப்பதாகவும் இதனைக் கருதலாம். இங்கு மாணவர் அடிக்கடி தவறும் இடமொன்று உண்டு. 192.168.4.0 முதல் 192.168.7.0 வரையான நான்கு தொகுதிகளும் ஒரே /22 ஆகும், 192.168.5.0 முதல் 192.168.8.0 வரையான நான்கும் ஆகா. தொடக்க எண் நான்கால் வகுபடவேண்டும் என்பதே காரணம். துவித வடிவில் எழுதிப் பார்ப்போர்க்கு இது கண்கூடு. அட்டவணையை நம்புவோர்க்கு இது புதிர்.

நிறுவனத்தின் உள்ளேயும் சமமற்ற பங்கீடு இதே காலப்பகுதியில் பரவலாயிற்று. 203.0.113.0/24 என்னும் தொகுதியில் 100, 50, 25 கணினிகள் கொண்ட மூன்று பிரிவுகளையும், வழிப்படுத்திகள் இரண்டை இணைக்கும் ஒரு வழியையும் அமைக்க வேண்டும் எனக் கொள்வோம். நான்காகச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 62. முதற் பிரிவு அடங்காது. தேவைக்கேற்பப் பிரித்தால், முதற் பிரிவுக்கு அரைப்பங்கு, 0 முதல் 127 வரை. இரண்டாவதற்குக் காற்பங்கு, 128 முதல் 191 வரை. மூன்றாவதற்கு அரைக்கால், 192 முதல் 223 வரை. இணைப்பு வழிக்கு நான்கு முகவரிகள், 224 முதல் 227 வரை. இன்னும் 28 முகவரிகள் எஞ்சுகின்றன. சமமான பங்கீடு நியாயமான பங்கீடு ஆகாது, தேவையறிந்த பங்கீடே வளத்தைக் காக்கும் என்னும் பொருளியல் உண்மை இச்சிறு கணக்கில் பொதிந்துள்ளது.

7. பற்றாக்குறையின் பொருளாதாரம்

வகுப்பு முறை வீழ்ந்தபோதிலும் அதன் கீழ் வழங்கப்பட்டவை திரும்பப் பெறப்படவில்லை. 'பந்திக்கு முந்து' என்பது எமது பழமொழி. பந்திக்கு முந்தியோர் ஏ வகுப்புத் தொகுதிகளோடு அமர்ந்திருந்தனர். ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் திணைக்களமும், மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனமும், ஐ.பி.எம்., அப்பிள், போர்ட் முதலிய கம்பனிகளும் அவ்வரிசையில் அடங்கும். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் தனது தொகுதியை 2000ஆம் ஆண்டில் திருப்பியளித்தமை இவ்வரலாற்றின் அரிய விதிவிலக்காகும். ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகள் பெரும்பாலானவை பந்திக்கு வந்தபோது வகுப்பற்ற சிக்கனமே விதியாகிவிட்டது. ஆசிய பசிபிக் பிராந்தியத்தின் பதிவகமான எப்னிக் 1993ஆம் ஆண்டிலும், ஆபிரிக்காவுக்கான எவ்ரினிக் 2005ஆம் ஆண்டிலுமே செயற்படத் தொடங்கின என்பது கருதற்பாலது.

1996ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து 1918ஆம் இலக்க ஆவணம் மூன்று தொகுதிகளைத் தனியார் பாவனைக்கென ஒதுக்கிற்று. 10.0.0.0/8 அவற்றுள் ஒன்று. இவ்வெண் வெறும் தற்செயலானதன்று. 10 என்பது ஆர்பாநெற் வலையமைப்பின் இலக்கமாகும். 1990ஆம் ஆண்டில் ஆர்பாநெற் கலைக்கப்பட, அதன் இலக்கம் உரிமையாளரின்றி நின்றது. இணையத்தின் மூதாதையின் இலக்கமே இன்று உலகின் எண்ணற்ற பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் பொதுச் சொத்தாகப் புழங்குகிறது. வெளியே ஒரே முகவரியும் உள்ளே பலவுமாக அமையும் முகவரி மாற்றீட்டு முறை 1994ஆம் ஆண்டு மே மாதத்தில் 1631ஆம் இலக்க ஆவணமாக விவரிக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டும் சேர்ந்து பற்றாக்குறையை மறைத்தன. ஆனால் வெளியிலிருந்து நேரே அணுகப்படத்தக்க முகவரி உடையோர், இல்லாதோர் என்னும் புதியதொரு பிரிவினை இதனால் உருவாயிற்று. உடையோர் தாமே சேவை வழங்கலாம். இல்லாதோர் பெரும்பாலும் நுகர்வோராகவே எஞ்சினர்.

2011ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் திகதி மையக் களஞ்சியத்தின் இறுதி ஐந்து தொகுதிகளும் ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்கும் பகிரப்பட்டன. அவ்வாண்டு ஏப்பிரல் 15ஆந் திகதி எப்னிக் தனது இறுதித் தொகுதியைத் தொட்டது. இலங்கை இப்பிராந்தியத்தைச் சார்ந்தது. அன்று முதல் அவ்விறுதித் தொகுதியிலிருந்து உறுப்பினர் ஒருவர் பெறக்கூடிய உச்ச அளவு 1,024 முகவரிகள். 2019ஆம் ஆண்டில் அது 512 ஆகக் குறைக்கப்பட்டது. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒருகாலத்தில் பெற்ற 16,777,216ஐயும் இந்த 512ஐயும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு விளக்கம் வேண்டியதில்லை.

பற்றாக்குறை தோன்றிய இடத்தில் சந்தை தோன்றுதல் இயல்பு. இலவசமாக வழங்கப்பட்ட எண்கள் விற்பனைப் பண்டங்களாயின. 2011ஆம் ஆண்டில் வங்குரோத்து நிலையிலிருந்த நோர்ட்டெல் நிறுவனத்திடமிருந்து மைக்ரோசொவ்ற் நிறுவனம் 666,624 முகவரிகளை 75 இலட்சம் டொலருக்கு வாங்கிற்று; முகவரியொன்று 11 டொலர் 25 சதம். 2017ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனமும் தான் பயன்படுத்தாதிருந்த பல இலட்சம் முகவரிகளை விற்பதாக அறிவித்தது. முன்னர் எவ்விலையுமின்றிப் பெற்றோர் விற்போராகவும், பிந்தி வந்தோர் வாங்குவோராகவும் நின்றனர்.

எனினும் இவ்விடத்தில் மிகைக் கூற்றைத் தவிர்த்தல் வேண்டும். பங்கீடு தொடக்கத்திலிருந்தே நியாயமாக அமைந்திருப்பினும் 32 பிற்றுக்கள் உலகுக்குப் போதா. 430 கோடிக்குச் சற்றுக் குறைவான முகவரிகள் 800 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு ஆளுக்கொன்றாகவும் வாரா. பற்றாக்குறை எண்வெளியின் அளவிலிருந்து எழுந்தது. அப்பற்றாக்குறையின் சுமை யார் தோளில் விழுந்தது என்பதே பங்கீட்டு முறையின் விளைவாகும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் வரலாற்று நோக்கு ஆகாது.

8. பயிற்சி முறை பற்றிச் சில குறிப்புகள்

மேற்கூறியவற்றின் அடிப்படையில் இக்கணக்குகளைப் பயிலும் முறை பற்றிச் சில கருத்துக்களைக் கூறலாம். முதலாவதாக, பயிற்சி கையாலேயே செய்யப்படல் வேண்டும். விடையை உடனே தரும் கணிப்பான்கள் இன்று மலிந்துள்ளன. ஆனால் 77ஐத் துவித வடிவில் எழுதி எல்லைக்கோடு இட்டுப் பார்த்த மாணவனுக்குக் கிடைக்கும் தெளிவை அவை தரமாட்டா. இரண்டாவதாக, கணக்குகளின் வரிசை வரலாற்றின் வரிசையைத் தழுவியிருத்தல் நன்று. முகவரியின் வலையமைப்பைக் காணல், சமமாகப் பிரித்தல், தேவைக்கேற்பப் பிரித்தல், ஒன்றிணைத்தல் என்னும் நான்கு படிகளும் ஏறத்தாழ 1981, 1985, 1990களின் தீர்வுகளையே பின்பற்றிச் செல்கின்றன. ஒவ்வொரு படியிலும் முந்தியதன் குறைபாட்டை மாணவர் தாமே உணர்ந்த பின்னர் அடுத்த விதி அறிமுகமாதல் வேண்டும்.

மூன்றாவதாக, பழுதறியும் கணக்குகளும் சேர்க்கப்படல் வேண்டும். 192.168.1.60, 192.168.1.70 என்னும் முகவரிகளுடைய இரு கணினிகள் தொடர்புகொள்ள முடியவில்லை. இரண்டாவதன் மறைமுகம் 255.255.255.192, முதலாவதில் அது தவறுதலாக 255.255.255.0 என இடப்பட்டுள்ளது. /26 எல்லையின்படி முதலாவது 0 முதல் 63 வரையான பகுதியிலும் இரண்டாவது 64 முதல் 127 வரையான பகுதியிலும் உள்ளன. முதலாவது கணினியோ மற்றையது தன் அருகிலேயே உள்ளதெனக் கருதி, வழிப்படுத்தியை நாடாது நேரே அழைக்கிறது, விடை வருவதில்லை. பாடநூற் கணக்கைப் பிழையின்றிச் செய்த மாணவர் பலர் வேலைத்தலத்தில் இதன்முன் தடுமாறுவதற்குக் காரணம், மறைமுகத்தை அவர்கள் சூத்திரமாக அறிந்தனரேயன்றி ஒரு கணினி தீர்மானம் எடுக்கும் வழியாக அறியாமையேயாகும்.

நான்காவதாக, ஏ, பி, சி வகுப்புகளை நடைமுறையிலுள்ள விதியாகக் கற்பித்தல் கைவிடப்படல் வேண்டும். அவை 1993ஆம் ஆண்டுடன் வழக்கிழந்தவை. அவற்றை வரலாறாகக் கற்பித்தல் அவசியம். விதியாகக் கற்பித்தல் மயக்கம். இறந்த விதியை உயிருள்ள விதியாகக் காட்டும் கல்வி, மாணவரின் காரணங் காணும் ஆற்றலை மழுங்கச் செய்கிறது.

9. முடிவுரை

1998ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்து 2460ஆம் இலக்க ஆவணம் வகுத்து, 2017ஆம் ஆண்டில் 8200ஆம் இலக்க ஆவணம் புதுப்பித்த இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்பில் முகவரி 128 பிற்றுக்களைக் கொண்டது. அங்கு உபவலையமைப்பொன்று வழமையாக /64. அதனுள் எத்தனை கருவிகள் அடங்கும் என்று எண்ணுவதே பொருளற்றது. /48 பெற்ற ஒரு வளாகம் 65,536 உபவலையமைப்புகளை அமைக்கலாம். முகவரி ஒவ்வொன்றையும் எண்ணிச் சிக்கனம் பிடிக்கும் கணக்கு அங்கு மறைகிறது. ஆயின் எல்லையை எங்கு இடுவது, எதனை எதனோடு ஒன்றிணைப்பது என்னும் சிந்தனை நிலைபெறுகிறது. மறைமுக அட்டவணையை மனனஞ் செய்தோர்க்கு இப்புதிய எண்வெளி அந்நியமானதாகவே தோன்றும். பாதியாக்கலின் தருக்கத்தையும் அதனை வேண்டிநின்ற வரலாற்றையும் அறிந்தோர் எளிதில் இதனுட் புகுவர்.

எமது மாணவர் ஓர் எண்தொகுதியைப் பிரிக்கும்போது, தமக்குத் தரப்பட்ட தொகுதி ஏன் /24 ஆயிற்று, ஏன் /8 ஆகவில்லை என்று வினவுதலும் அக்கணக்கின் ஒரு பகுதியே. கணிதம் பங்கிடும் வழியைக் கூறும். பங்கிடப்படுவது எவ்வளவு என்பதை வரலாறே கூறும். இரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் பாடநூல்கள் தமிழில் எழுதப்படுதல் இன்றைய தேவையாகும்.